தலைவலிக்குத் தலையணையை மாற்றினால் போதுமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

மருத்துவமனை ஞாயிறுக்காகச் சபைகளுக்கு நாங்கள் வரும்போது, ஆராதனை முடிந்தபின் இரண்டு கேள்விகள் தவறாமல் கேட்கப்படுகின்றன. "காலையில் எழுந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது, பின்மண்டை வலிக்கிறது, எந்தத் தலையணை வாங்கலாம்?" என்பது ஒன்று. "உங்கள் வார்டுகளுக்குத் தலையணை வாங்கித் தரலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறோம். எங்கள் மருத்துவர்களும் பிசியோதெரபி பிரிவினரும் நோயாளிகளுக்கு அன்றாடம் சொல்லிவருவதையே எளிய முறையில் இங்கே தருகிறோம்.

கழுத்துக்கும் தலைவலிக்கும் என்ன தொடர்பு?

வளர்ந்த ஒரு மனிதனின் தலை ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ எடை உள்ளது. இந்த எடையைத் தாங்கி நிற்பவை கழுத்தில் உள்ள ஏழு சிறிய எலும்புகள். ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் அதே ஏழு எலும்புகள்தான் இருக்கின்றன. நம் கழுத்தெலும்புகள் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கப்படவில்லை. முன்பக்கமாகச் சற்று வளைந்த நிலையில் அமைந்துள்ளன. அந்த வளைவு கெடாமல் இருக்கும்போது தசைகளுக்கு வேலை குறைவு. வளைவு கெட்டுத் தலை ஒருபக்கம் சாய்ந்தே கிடந்தால், தசைகள் இரவு முழுவதும் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

கழுத்தின் மேற்பகுதியிலுள்ள முதல் மூன்று நரம்புகள் மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்திலேயே, நெற்றியிலும் கண்ணைச் சுற்றிலும் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பும் வந்து சேருகிறது. ஆகவே கழுத்தில் பிறந்த வலியை மூளை நெற்றியில் இருப்பதாகவும் கண்ணுக்குப் பின்னால் இருப்பதாகவும் எடுத்துக்கொள்வதுண்டு. இவ்விதத் தலைவலியைத் தனி வகையாக எடுத்துக்காட்டி 1983-இல் பெயர் கொடுத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஸ்யோஸ்டாட். இது பெரும்பாலும் ஒரே பக்கத்தில் பிடரியில் தொடங்கி முன்னே வரும். கழுத்தைத் திருப்பினால் கூடும்.

ஆனால் எல்லாத் தலைவலியும் கழுத்திலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வரும்போதும் கழுத்து இறுகி வலிக்கும். அப்போது பழி தலையணைமேல் விழுகிறது. கண்பார்வைக் குறைவு, தூக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவையும் தலைவலியோடு சேர்ந்து வருகின்றன.

பகலில் கழுத்து சுமப்பது

மணப்பாறையைத் தாண்டி மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் "எப்படிப் படுக்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "பகலில் என்ன வேலை?" என்று எங்கள் மருத்துவர்கள் கேட்பார்கள். வானம் பார்த்த பூமி அது. சும்மாடு வைத்துத் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் சுமக்கும் தாய்மார்கள் உண்டு. அடுப்பின் முன் குனிந்து அமர்ந்து மணிக்கணக்கில் முறுக்குச் சுற்றுகிறவர்கள் உண்டு. தையல் இயந்திரத்தின்முன் தலை கவிழ்ந்து இருப்பவர்கள் உண்டு. இப்பொழுது எல்லா வயதினரும் செல்போனைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். தலை முன்னே சாயச் சாயக் கழுத்து தாங்கவேண்டிய பாரம் பல மடங்கு கூடுகிறது.

பகலில் இப்படி உழைத்த கழுத்துக்கு இரவு ஏழு மணி நேரம்தான் ஓய்வு. அந்த ஓய்வுக்கு இடையூறு செய்யாமல் இருப்பதே தலையணையின் வேலை. பகற்பழக்கம் மாறாமல் தலையணையை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

"யாக்கோபு கல்லையே தலைக்கு வைத்துப் படுத்தாரே" என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் நம் சபைகளில் உண்டு. ஆதியாகமம் 28-ஆம் அதிகாரத்தை வாசித்தால், அவர் வழிப்பயணத்தில் பொழுதுபோன இடத்தில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொண்டார் என்பது விளங்கும். நாமோ நம் ஆயுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தலையணைமேல் கழிக்கிறோம். ஆகவே சற்று யோசித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

உயரம்தான் முதற் கேள்வி

கடைக்குப் போனால் "எந்தப் பஞ்சு, எந்தக் கம்பெனி?" என்று கேட்கிறோம். முதலில் கேட்கவேண்டியது "என் கழுத்துக்கு எவ்வளவு உயரம்?" என்பதே. அது மூன்று காரியங்களைப் பொறுத்தது.

முதலாவது, படுக்கும் விதம். மல்லாந்து படுப்பவருக்குப் பிடரிக்கும் படுக்கைக்கும் நடுவேயுள்ள சிறு இடைவெளியை நிரப்பினால் போதும். நான்கு விரற்கடை, அதாவது சுமார் 7 சென்டிமீட்டர், பலருக்குச் சரியாக இருக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலம் குறுக்கே வருகிறது. காதுக்கும் படுக்கைக்கும் நடுவேயுள்ள இடைவெளி முழுவதையும் நிரப்ப வேண்டியிருப்பதால், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தேவைப்படலாம். தோள் அகன்ற ஆண்களுக்கு இன்னும் சற்றுக் கூடும், ஒடிசலான பெண்களுக்குக் குறையும். இந்த அளவெல்லாம் தலை வைத்து அழுந்தியபின் உள்ள உயரம். குப்புறப் படுப்பது கழுத்தை இரவெல்லாம் ஒருபக்கமாகத் திருகி வைக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கூடிய மட்டும் விட்டுவிடுவது நல்லது. விட முடியாதவர்கள் தலையணை இல்லாமலோ மிக மெல்லியதை வைத்தோ படுக்கலாம்.

இரண்டாவது, கீழே என்ன விரித்திருக்கிறோம் என்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை. மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் உள்ளே அமிழும். ஆகவே தாழ்ந்த தலையணை போதும். தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் தோள் அமிழாது. அதே ஆளுக்கு அதைவிடச் சற்று உயரமான தலையணை வேண்டும். ஊரில் பாயில் சுகமாகத் தூங்கிய பெரியவர், திருச்சியிலுள்ள மகன் வீட்டில் மெத்தையில் படுத்ததும் கழுத்துப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னால், தலையணைக்கும் படுக்கைக்கும் பொருத்தமில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும்.

மூன்றாவது, வயதும் உடல்நிலையும். "கழுத்து வலியா, தலையணையே வைக்காதே" என்று எல்லாருக்கும் ஒரே ஆலோசனை சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. முதுகு கூன் விழுந்த முதியவரிடமிருந்து தலையணையை எடுத்துவிட்டால் அவர் தலை பின்னே தொங்கிக் கழுத்து இன்னும் வலிக்கும். அவருக்கு உயரம் அவசியம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கோ தலையணையே வேண்டாம். மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. தலை உருண்டையாக வரும் என்று கடுகு நிரப்பிய தலையணை வைப்பதும் வேண்டாம்.

உயரம் மிஞ்சினால்

இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிப் படுப்பது சுகமாகத் தோன்றலாம். ஆனால் முகவாய் நெஞ்சைத் தொடும்படி கழுத்து மடங்கியே இருக்கும். ஜப்பான் நாட்டில் 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை, தலைமுடி அலங்காரம் கலையாதிருக்க உயரமும் கடினமுமான தலையணைகளை வைத்துப் படுத்தார்கள். அந்நாட்டில் ஓசாகா மாகாணத்திலுள்ள தேசிய மூளை இதயநோய் மையத்தின் மருத்துவர்கள் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறும் இரத்தக் குழாயின் சுவர் காரணமின்றிக் கிழிந்து நோயுற்றவர்களையும் மற்ற நோயாளிகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள தலையணை வைத்தவர்கள் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 34 பேர், மற்றக் கூட்டத்தில் நூற்றுக்கு 15 பேர். தலையணை கடினமாக இருந்தவர்களிடம் இத்தொடர்பு இன்னும் பலமாகக் காணப்பட்டது. இந்த நோய் அரிதானது, ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் தலையணைகளை அடுக்கும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ள இது போதிய காரணம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூச்சு வாங்கும் நோயாளியிடம் "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பார். ஒன்றோடு தூங்கிக்கொண்டிருந்தவர், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால், அது இருதயம் பலவீனப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்செரிச்சலுக்காகத் தலையை உயர்த்த வேண்டியவர்கள், தலையணைகளை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைப்பது கழுத்துக்கு நல்லது.

எந்தப் பஞ்சு?

நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தலையணைக்குப் பயன்படுவது இலவம்பஞ்சு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையான குழல் போன்றது. அதனால்தான் லேசாக இருக்கிறது. எளிதில் நீரை உறிஞ்சாததால் முற்காலத்தில் கப்பல் பயணிகளின் மிதவை உடுப்புகளிலும் இதை அடைத்தார்கள். குறை என்னவென்றால், வாங்கிய புதிதில் உப்பலாக உயர்ந்து நிற்கும், நாளடைவில் கட்டிதட்டி அமுங்கிவிடும். வெயிலில் காயவைத்துத் தட்டினால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். தூசு ஒவ்வாத ஆஸ்துமா நோயாளிகள் நெருக்கமாக நெய்த உறை போட்டுக்கொள்ள வேண்டும்.

இலவம்பஞ்சுத் தலையணைக்கு விலையுயர்ந்தவற்றுக்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. தையலைச் சற்றுப் பிரித்து, இரண்டு கைப்பிடி பஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் தைத்துக்கொள்ளலாம். அமுங்கிவிட்டால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் கழுத்துக்கு ஏற்ற உயரத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் தலையணைகளும், தலையின் வடிவத்துக்கு அழுந்தும் நுரைத் தலையணைகளும் இப்பொழுது கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒருக்களித்துப் படுக்கும் வழக்கமுடைய நூறு பேருக்கு மேற்பட்டவர்களிடம் பலவிதத் தலையணைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவுகளின்படி, காலை நேரத் தலைவலிக்கும் கழுத்து இறுக்கத்துக்கும் லேடெக்ஸ் நல்ல பலன் தந்தது. இறகுத் தலையணை மிகவும் பின்தங்கியது. இறகு இரவில் நெகிழ்ந்து தலையைத் தாங்காமல் விட்டுவிடுகிறது. வசதியுள்ளவர்கள் லேடெக்ஸ் வாங்கலாம். ஆனால் உயரம் பொருந்தாத லேடெக்ஸைவிட உயரம் பொருந்திய இலவம்பஞ்சே மேல். "ஆர்த்தோ" என்று உறையில் அச்சடித்திருப்பது மட்டும் ஒரு தலையணையை மருந்தாக்கிவிடாது. கடன் வாங்கி இவற்றை வாங்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

1. ஒரு துப்பட்டியையோ பெரிய துண்டையோ மடித்து, வழக்கமாகப் படுக்கும் இடத்தில் தலைக்கு வையுங்கள். ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

2. மல்லாந்து படுத்தால் முகம் நேரே மேலே பார்க்க வேண்டும். முகவாய் நெஞ்சை நோக்கியும் போகக்கூடாது, மேலே நிமிர்ந்தும் நிற்கக்கூடாது.

3. ஒருக்களித்துப் படுத்தால், மூக்கும் தொண்டைக்குழியும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இதை நாமே பார்க்க முடியாது. வீட்டிலுள்ள ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

4. தலையணைமேல் தலையும் கழுத்தும் மட்டும் இருக்கட்டும். தோள் கீழே இருக்கட்டும். பிடரியின் கீழ் காலியாக இருந்தால், சிறு துண்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள் கழுத்துப் பக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள்.

5. ஒரே இரவில் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். காலை வலி குறைந்தால், அந்த மடிப்பின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தலையணையைக் கையால் அமுக்கிப் பார்த்து, அழுந்தியபின் அந்த உயரம் இருப்பதை வாங்குங்கள்.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பலருக்குப் புதுத் தலையணை வாங்கவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

தலையணையால் தீராத வலி

இதைச் சொல்லவே முக்கியமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மருங்காபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாற்பது வயது கடந்த ஒரு தாயார் எங்களிடம் வந்தார். கழுத்து வலி ஐந்து மாதமாக இருந்தது. தலையணைதான் சரியில்லை என்று மூன்று முறை மாற்றியிருந்தார். மூன்றாவதை வாங்கக் காதிலிருந்த தோட்டை அடகு வைத்திருந்தார். வலி குறையவில்லை. இரவில் படுத்தால் கூடியது. மாலையில் லேசான காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை. இவற்றையெல்லாம் வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டார். கையில் பிடித்த குடம் நழுவத் தொடங்கியபிறகே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். சோதித்ததில் கழுத்தெலும்பில் காசநோய் என்று தெரிந்தது.

நுரையீரலுக்கு மட்டுமே காசநோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் அது அரிக்கும். கவனிக்காமல் விட்டால் தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலற்றுப் போகும். அதற்கான மருந்துகளை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. எலும்புக்கு வந்தால் ஏறக்குறைய ஓராண்டு காலம் விடாமல் சாப்பிட வேண்டும். தேவகிருபையால் அந்தத் தாயார் முழுதும் சாப்பிட்டார். கைக்குப் பலம் திரும்பிற்று. இன்னும் இரண்டு மாதம் தலையணைகளையே மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று எங்கள் செவிலியர்கள் இன்றும் சொல்வதுண்டு. நல்ல தலையணை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பது, சில நேரங்களில் இலவு காத்த கிளியின் கதையாக முடிந்துவிடும்.

கீழே உள்ள அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் தலையணையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்:

• இதுவரை இல்லாத கடுமையான தலைவலி திடீரென்று வருதல்
• காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், வாந்தி, மயக்கம்
• கை கால் பலவீனம், மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல், நடை தள்ளாடுதல்
• விழுந்தபின் அல்லது அடிபட்டபின் வந்த வலி
• இரவில் கூடும் வலியோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு
• கர்ப்பிணிகளுக்குத் தலைவலியோடு முகம், கை வீக்கம் அல்லது கண் மங்கல்
• ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி

விலக்கவேண்டிய இரண்டு

பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குவது முதலாவது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்குமேல் மூன்று மாதங்களாகத் தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு, அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். சிலவகை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வேறு வரலாம்.

முடி வெட்டும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்கச் சொல்வது இரண்டாவது. மேலே சொன்ன அதே இரத்தக் குழாய் அந்தத் திடீர்த் திருகலில் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஒத்தடம், தோளை மெதுவாகச் சுழற்றுதல், முகவாயைப் பின்னே இழுத்துச் சில வினாடி வைத்திருத்தல் இவற்றால் அதைவிடப் பத்திரமான நிவாரணம் கிடைக்கும்.

வார்டுகளுக்குத் தலையணை தரலாமா?

தாராளமாகத் தரலாம், நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் தடித்த, உயரமான தலையணைகள் எங்களுக்கு அதிகம் உதவுவதில்லை. நடுத்தர உயரமுள்ளவையும், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய ரெக்சின் மேலுறை தைத்தவையும் வேண்டும். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் வருமுன் அதைக் கிருமிநாசினி கொண்டு துடைக்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல் போடும் பருத்தி உறைகள் எவ்வளவு இருந்தாலும் போதாது, நாள்தோறும் துவைக்கிறோம். சிறிய பருத்தித் துண்டுகளும் மிகவும் பிரயோஜனமானவை. அவற்றைச் சுருட்டிக் கழுத்துக்கு வைக்கும் விதத்தைப் பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொடுத்து, அந்தத் துண்டையே நோயாளியிடம் கொடுத்தனுப்பலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கூடித் தைத்து அனுப்பும் உறைகள் இவ்வகையில் பெரிய உதவி.

பொருள் அனுப்ப இயலாதவர்கள் இன்னொரு உதவி செய்யலாம். உங்கள் தெருவிலோ உறவிலோ பல மாதமாகக் கழுத்து வலி என்று தலையணையை மாற்றிக்கொண்டிருப்பவர் இருந்தால், மேலே கண்ட அடையாளங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒன்று பொருந்தினாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ எங்களிடமோ அழைத்து வாருங்கள். தனியே வரத் தயங்குகிறவர், கூட ஒருவர் இருந்தால் வந்துவிடுவார்.

வலியினால் தூக்கமில்லாமல் இரவைக் கழிக்கிறவர்களையும், அவர்கள் பக்கத்தில் விழித்திருக்கும் எங்கள் செவிலியர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்